மலையும் ஒரு தீவு



தீவு என்றால் என்ன என்று கேட்டால், நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி என்று நம் மாணவர்கள் உடனே விடை சொல்வார்கள். அந்த விடைக்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும் நான் என் வாழ்நாளில் நான்கு ஆண்டுகள் ஒரு தீவிலே வாழ்ந்தவன். அந்தத் தீவைச் சுற்றி ஒரு துளிக் கடல்நீர் கூட இல்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைத்தான் சொல்கிறேன்.

நான் அங்கே சென்ற காலத்தில் அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ஆம் ஆண்டில்தான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பேருந்து மலையேறத் தொடங்கும். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று வந்துகொண்டே இருக்கும். மொத்தம் 70 வளைவுகள். முதன்முறை செல்பவர்களில் பாதிப்பேர் முப்பதாவது வளைவுக்குள் எண்ணுவதை விட்டுவிடுவார்கள். மீதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். மேலே சோளக்காட்டை அடைந்துவிட்டால் காற்று குளிர்கிறது. பலா மரங்களும் மிளகுக் கொடிகளும் சாமை வயல்களும் கண்ணில் படுகின்றன. அதற்கும் அப்பால் செம்மேடு. வல்வில் ஓரியின் சிலை நிற்பதும், வட்டார வளர்ச்சி அலுவலகமும் கூட்டுறவுச் சங்கமும் அரசு ஆஸ்பத்திரியும் இருப்பதும் அங்கேதான். கொல்லிமலைக்குத் தலைநகரம் என்று ஒன்று உண்டென்றால் அது செம்மேடுதான்.

இம்மலை பதினான்கு நாடுகளாகப் பிரிந்துள்ளது. வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, குண்டூர் நாடு என்று அவற்றின் பெயர்களைக் கேட்டால், ஏதோ பழைய சரித்திரப் புத்தகத்தைத் திறந்தது போல் இருக்கும். இன்று ஒவ்வொரு நாடும் ஓர் ஊராட்சி. “எங்கள் அத்தை வேறு நாட்டில் இருக்கிறாள்” என்று என் மாணவன் ஒருவன் சொன்னபோது, நான் இலங்கையா மலேயாவா என்று கேட்டு வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தேன். அத்தை இருந்தது அரியூர் நாட்டில். நடந்து போனால் இரண்டு மணி நேரம்.

இந்த நடையைத்தான் நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மலையிலே தூரத்தை மைல் கணக்கில் சொல்வதில் பயனில்லை. எதிர்மலையில் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு குடிசை தெரியும்; அங்கே புகைகிற அடுப்பையும் காணலாம். அங்கே போய்ச் சேர ஒரு பள்ளத்தாக்கு இறங்கி, ஓர் ஓடை கடந்து, மறுபடியும் ஏறியாக வேண்டும். அதற்குள் அந்த அடுப்பில் சமையல் முடிந்து, உண்டு, கலமும் கழுவிவிடுவார்கள். ஆகவே, கொல்லிமலை ஒரு தீவு என்று சொன்னால் கூடக் குறைவுதான். அது பல தீவுகளின் கூட்டம்.

இத்தகைய இடத்தில் ஒருவருக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

1979-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நான் மலைமேல் ஒரு விடுதிப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். எங்கள் விடுதியில் சமையல் செய்துவந்த பெரியவரின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். அவர்களுடைய ஊர் சாலையிலிருந்து மூன்று மணி நேர நடை. நான் படித்தவன் அல்லவா? படித்தவனுக்குரிய முறையில் பெரியவருக்குப் புத்தி சொன்னேன். “வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். சர்க்கார் கட்டிடம் கட்டி, டாக்டரும் நர்ஸும் போட்டிருக்கிறது. ஏதாவது கஷ்டம் என்றால் உடனே கொண்டு வந்துவிடுங்கள்” என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

இரண்டு இரவும் ஒரு பகலும் அந்தப் பெண் வேதனைப்பட்டாள். ஊர் மருத்துவச்சி அனுபவசாலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இனித் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். என் சொல்லை நம்பிப் பெரியவர் மூங்கில் கழியிலே போர்வையைக் கட்டி டோலி செய்தார். நான்கு ஆண்கள் மாறி மாறித் தோள் கொடுக்க, மழையில் வழுக்கும் பாதையில் அந்தப் பெண்ணைச் சுமந்துகொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. டாக்டர் முதல் நாள்தான் கீழே இறங்கினாராம். நர்ஸ் விடுப்பில் இருந்தாராம். “நாளைக்கு வந்தாலும் வருவார்” என்றார் காவற்காரர். அந்தச் சுகாதார நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது போன்ற கதவுகள் அந்நாளில் எத்தனையோ மலைகளில் பூட்டிக் கிடந்தன.

செய்தி கேட்டு நான் ஓடினேன். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்குப் புறப்பட்ட லாரி ஒன்று கிடைத்தது. கிழங்கு மூட்டைகளைத் தள்ளி இடம் செய்து, அவளைப் படுக்க வைத்து, எழுபது வளைவுகளும் இறங்கினோம். கீழே ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்து தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தது.

சில வாரங்களுக்குப் பின் பெரியவர் என்னிடம் சொன்ன வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் சிறிதும் இல்லாமல்தான் சொன்னார்.

“டாக்டரே இல்லைன்னு தெரிஞ்சிருந்தா நேரா லாரிக்குத்தான் போயிருப்போங்க ஐயா. இருக்காரா இல்லையான்னு தெரியாமல் நடந்து வந்ததுதான் எங்க குத்தம்.”

அவர் தம்மீதே குற்றம் சுமத்திக்கொண்டார். இருக்கிறார் என்று வாக்குக் கொடுத்தவன் நான். நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

மறு ஆண்டு அவருடைய மருமகளுக்குப் பிரசவ வேதனை கண்டது. இம்முறை டோலி கட்டவில்லை. வீட்டிலேயே சுகப்பிரசவமாகி ஆண் குழந்தை பிறந்தது. டோலி கட்டாததே சரி என்று ஊரார் முடிவு செய்துவிட்டார்கள். பூட்டிய கதவு அன்று வந்த ஒரு பெண்ணை மட்டும் திருப்பி அனுப்பவில்லை; பின்னால் வந்திருக்க வேண்டிய எத்தனையோ பேரைப் புறப்படாமலே செய்துவிட்டது. மலைமக்கள் மூடநம்பிக்கை உடையவர்கள், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்று கீழேயிருந்து வரும் அதிகாரிகள் பேசக் கேட்டிருக்கிறேன். மூன்று மணி நேரம் சுமந்து வந்து பூட்டைக் கண்டவன் மறுபடி வராமல் இருப்பது மூடநம்பிக்கையா, அனுபவ அறிவா என்று நேயர்களே முடிவு செய்யலாம்.

இந்த மலையில் மேனாட்டு மருத்துவத்தின் கதை நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கொல்லி என்னும் பெயருக்கு ஏற்பக் காய்ச்சல் கொல்லும் மலை என்று சமவெளி மக்கள் அஞ்சிய காலம் அது. ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் தம் மனைவி எவலினுடன் 1913-இல் மலையேறி வாழவந்தியில் குடியேறினார். அவர் மதபோதகராக வந்தவர். கட்டட வேலை தெரிந்தவர். லண்டனிலே வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு பயின்றிருந்தாரே ஒழிய முழு மருத்துவர் அல்லர். ஆயினும் பல் பிடுங்கினார், புண்ணுக்கு மருந்திட்டார், காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தார். அவருடைய மதத்தை மக்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை; மருந்தை ஏற்றார்கள். காரணம் எளியது. அவர் வீடு அங்கே இருந்தது. இரவில் கதவைத் தட்டினால் திறப்பார் என்று பதினான்கு நாடுகளிலும் தெரிந்திருந்தது.

அவர்களுக்கு 1914-இல் பிறந்த மகன் பால் பிராண்ட். தொழுநோயாளர் சிலர் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததையும், தந்தை கையுறை அணிந்துகொண்டு அவர்களுடைய கால் புண்களுக்குக் கட்டுப்போட்டதையும் சிறுவயதிலே கண்ட நினைவைப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவன்தான் வளர்ந்து, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி உணர்வு போய்விடுவதனால் சூட்டையும் வெட்டையும் அறியாமல் அவர்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவரும் அவரே. 2003-இல் மறைந்தார். கொல்லிமலை உலகுக்குத் தந்த மருத்துவர் என்று அவரைச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

ஆனால் தந்தையின் கதைக்குத் திரும்புவோம். 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மலேரியாவின் கொடிய வடிவமாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் இறந்தார். எந்தக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவந்தாரோ அதுவே அவரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் என்ன ஆயிற்று? எவலின் சில காலத்துக்குப் பின் சமவெளிக்கு மாற்றப்பட்டார். கதவைத் திறப்பவர் போன பின்பு கதவும் போயிற்று. ஒரு மனிதருடைய நற்குணத்தின் மேல் கட்டிய ஆஸ்பத்திரி அவருடைய ஆயுள் வரைக்குந்தான் நிற்கும். எழுபதை நெருங்கும் வயதில், ஓய்வு பெற்ற பின்னர், எவலின் தாமாகவே மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்றார். 1974-இல் தம் 95-ஆம் வயதில் இறந்து, வாழவந்தியில் கணவருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய உறுதியை வணங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மலையின் மருத்துவம் எண்பது வயது மூதாட்டி ஒருவரின் குதிரைச் சவாரியை நம்பியிருக்கலாமா?

எவலின் அம்மையார் போராடிய நோய்களில் ஒன்றைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நரம்புச் சிலந்தி என்ற பெயரை உங்கள் பாட்டனார் கேட்டிருப்பார். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்காததே பெரிய வெற்றி. குடிக்கும் நீரில் கண்ணுக்கு அரிதாகத் தென்படும் நீர்ப்பூச்சி ஒன்று உண்டு. அதனுள்ளே இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். நீரோடு உள்ளே போனால் ஓராண்டுக் காலம் யாருக்கும் தெரியாமல் உடலில் வளரும். பிறகு காலில் ஒரு கொப்புளம் எழும்பும், தீயாய் எரியும். கொப்புளம் உடைந்து, நூல் போன்ற புழு தலைநீட்டும். நீளம் இரண்டடி, மூன்றடி கூட இருக்கும். பிடித்து இழுத்தால் அறுந்து சீழ் வைத்துவிடும். ஆகையால் ஒரு சிறு குச்சியிலே நாளுக்குச் சிறிதளவாகச் சுற்றிச் சுற்றி வாரக்கணக்கில் வெளியே எடுப்பார்கள். எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைப்பான். உடனே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். அந்த நீரை ஊரே குடிக்கும்.

இதற்குத் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, யாரும் காலை நனைக்காமல் வாளியால் இறைக்கச் செய்வதும், துணியால் வடிகட்டிக் குடிக்கச் சொல்வதுமே வழி. கொல்லிமலையில் எவலின் அம்மையார் ஊர் ஊராகச் சொல்லி வந்தது இதைத்தான். இந்திய அரசு 1980-களின் தொடக்கத்தில் இதை நாடு தழுவிய இயக்கமாகவே எடுத்துக்கொண்டது. கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஊர் ஊராகக் கிணறுகளை எண்ணிப் பார்த்து, ஆண்டு தவறாமல் திரும்பத் திரும்ப வந்து கேட்டுக் குறித்துக்கொண்ட சாதாரண ஊழியர்களின் வெற்றி அது. ஒருவர் ஓய்வு பெற்றால் மற்றொருவர் அதே குறிப்பேட்டைத் திறந்தார். பிராண்ட் குடும்பத்தாரிடம் இருந்த அன்பு அவர்கள் எல்லோரிடமும் இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்காது. ஆனால் குறிப்பேடு இருந்தது.

மலை ஒரு தீவு என்றேன். உண்மையான தீவுகளில் இக்காரியத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. கரீபியக் கடலிலே டொமினிக்கா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. டொமினிக்கன் குடியரசு என்பது வேறு நாடு. மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். டொமினிக்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ 70,000. நம் பக்கத்து நடுத்தர நகரம் ஒன்றில் இருப்பவர்களை விடக் குறைவு. தீவு முழுவதும் மலை. உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 1,450 மீட்டர். கொல்லிமலையை விடச் சற்றே உயரம். அங்கும் மேகம் இறங்குகிறது, பாதை சரிகிறது, அடுத்த ஊர் எதிர்மலையில் இருந்துகொண்டு எட்டாமல் நிற்கிறது.

1978-இல் அந்நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டே, 1979 ஆகஸ்டில், டேவிட் என்னும் பெரும்புயல் தீவையே புரட்டிப் போட்டது. அதன் பின்னர் அவர்கள் மருத்துவ ஏற்பாட்டைத் திருத்தி அமைத்த விதம் கவனிக்கத்தக்கது. தலைநகர் ரோசோவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் ஏற்பாட்டின் வேர் அங்கே இல்லை. தீவு 7 சுகாதார மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஊர்தோறும் சிறு சிறு மருத்துவக் கூடங்கள் அமைந்தன; அவற்றின் தொகை ஐம்பதை ஒட்டியது. ஐந்து மைல் சுற்றுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு கூடம் என்பது கணக்கு. பெரும்பாலானவற்றில் டாக்டர் இல்லை. பிரசவம் பார்க்கவும் குழந்தைகளுக்கு ஊசி போடவும் பயின்ற செவிலியர் ஒருவரே பொறுப்பு. டாக்டர் முறை வைத்து வந்து போவார். அவர்கள் ஏழை நாட்டினர். பெரிய அறுவைக்கு அண்டைத் தீவுகளுக்கு அனுப்ப வேண்டிய நிலைதான் அவர்களுக்கும். 2017-இல் மரியா என்னும் புயல் மறுபடியும் எல்லாவற்றையும் சின்னாபின்னமாக்கியது. அங்கே எல்லாம் செம்மையாக இருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. எதை முதலில் வைத்தார்கள் என்பதே என்னைக் கவர்ந்தது. நடந்து போகக்கூடிய தூரத்தில், இருப்பவர் இன்னார் என்று தெரிந்த ஒரு கதவு. பெரிய ஆஸ்பத்திரி அதற்குப் பின்னால்தான்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதன்று. சர் ஜோசப் போர் என்பாரின் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கை, பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக்கூடாது என்றது. கிராமங்களை நோக்கி ஆரம்ப சுகாதார நிலையங்களை அமைக்கச் சொன்னது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு அவை தோன்றலாயின. பிற்காலத்தில் சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்றால் மலையிலும் பழங்குடியினர் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்றும், துணை நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் என்றும் விதி வகுத்தார்கள். இரக்கமுள்ள விதிதான். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொல்லிமலையின் மக்கள்தொகை 40,000 அளவில் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு நிலையம், பதின்மூன்று துணை நிலையம். பதினான்கு நாடுகளுக்குத் தலைக்கு ஒன்று கூட வரவில்லை! விதியை எழுதியவர்கள் தலைகளை எண்ணினார்கள், பள்ளத்தாக்குகளை எண்ணவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, அன்று கீழே இறங்கிப் போன அந்த டாக்டருக்காகவும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவரைப் பின்னர் நான் சந்தித்தேன். இளைஞர். குடியிருப்பின் கூரை ஒழுகியது. பேசக் கூட ஆளில்லை. மனைவி கைக்குழந்தையோடு கீழே இருந்தாள். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்து அவர் இறங்கியிருந்தார். இரண்டு குழந்தைகளின் பாடும் அன்று ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. அவருக்குப் பதிலாக ஒருவரை அனுப்பிவிட்டுப் போகும் ஏற்பாடு அந்நாளில் அங்கே இல்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் என் மனம் இலேசாகும். ஆனால் அது உண்மையாகாது.

அதனால்தான் மனிதரின் தியாகத்தை எதிர்பார்க்கும் பேச்சைவிட, ஏற்பாடுகளைப் பற்றிய பேச்சில் எனக்கு ஆர்வம் அதிகம். ஏற்பாடுகள் சில வந்திருக்கின்றன. எட்டாத பகுதிகளில் பணிபுரியும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஊக்க மதிப்பெண் வழங்கும் முறை வந்தது. தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளிகளில் பயின்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் தனியே ஒதுக்கப்படுகிறது. இந்தச் சட்டம் மலைக்கு எவ்வளவு முக்கியமானது என்று நம் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம். குண்டூர் நாட்டிலோ தேவானூர் நாட்டிலோ பிறந்த ஒரு பெண் டாக்டராகித் திரும்பினால், அவளுக்கு எழுபது வளைவுகள் ஏறுவது வீட்டுக்குப் போவதாகும், தண்டனையாகத் தோன்றாது. 2022-இல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. 

2008-இல் தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி வந்தது. கிழங்கு லாரியைத் தேடி ஓடிய எனக்கு அதன் அருமை தெரியும். ஆயினும் ஊர்தி சாலை வரைக்கும்தான் வரும்; அதுவும் தொலைபேசி எடுக்கும் இடத்திலிருந்து அழைத்தால். சாலை எட்டாத சிற்றூருக்கு டோலி இன்னும் சில மலைகளில் ஓய்வு பெறவில்லை. வலி கண்ட பிறகு ஓடுவது என்னும் முறையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. ஓட்டம் எவ்வளவு விரைவானாலும் மலை அதைவிடப் பெரியது.

ஆகவே நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு வேறொன்று. அதில் இயந்திரம் இல்லை, வேகம் இல்லை. தமிழ்நாட்டின் மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் பேறுகாலக் காத்திருப்பு அறை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பிரசவ நாள் நெருங்கும் பெண், வலி எடுப்பதற்குப் பல நாள் முன்பே துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து அங்கே தங்கிவிடலாம். சாப்பாடு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டத்தால், வேலைக்குப் போகாத நாட்களில் கையில் சிறிது பணமும் வருகிறது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அந்த அம்மையார் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பெண்ணைத் தேடி ஆஸ்பத்திரி ஓடுவதற்குப் பதிலாக, பகலிலே, நிதானமாக, நடந்தே பெண் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறாள். 1979-இல் இப்படி ஓர் அறையும், அதில் ஓர் ஆளும் இருந்திருந்தால் எங்கள் பெரியவரின் பேரனோ பேத்தியோ இன்று நாற்பது வயதைத் தாண்டியிருக்கும்.

ஆனால் இதுவும் ஒரு வாக்குறுதிதான். பத்து நாள் வீட்டை விட்டு, ஆடு மாட்டை விட்டு, மூத்த குழந்தையைப் பாட்டியிடம் விட்டு வந்து காத்திருப்பவள், அங்கே ஆள் இருப்பார் என்பதை நம்பித்தான் வருகிறாள். ஒரு தடவை அந்த நம்பிக்கை பொய்த்தால் பதினான்கு நாடுகளுக்கும் செய்தி போய்விடும். மலையில் தொலைபேசி எடுக்காமல் இருக்கலாம். இத்தகைய செய்தி எடுக்காமல் இராது.

அண்மையில் ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்காகச் செம்மேட்டுக்குப் போயிருந்தேன். விழாவில் மூலிகைக் கண்காட்சி வைத்திருந்தார்கள். முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்த்ததும் என் முழங்கால் நினைவுக்கு வந்தது, இரண்டு வாங்கிக்கொண்டேன். பலன் என்ன என்று கேட்காதீர்கள். சூப் சுவையாக இருந்தது. மறுநாள் மலையிலுள்ள ஒரு சுகாதார நிலையத்தின் பக்கம் போனேன். காத்திருப்பு அறையில் இளம் பெண் ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். துணைக்கு அவளுடைய மாமியார். எந்த ஊர் என்று விசாரித்தேன். எங்கள் பழைய சமையற்காரப் பெரியவரின் நாட்டைச் சேர்ந்தவர்கள். எட்டு நாளாக அங்கே இருக்கிறார்களாம்.

“எல்லாம் வசதியாக இருக்கிறதா அம்மா?” என்று மாமியாரைக் கேட்டேன்.

“வசதிக்கு என்னங்க குறை? ராத்திரி கூப்பிட்டாலும் நர்ஸம்மா வருது. தினம் சோறுதான் போடறாங்க. களி கண்ணிலேயே காட்ட மாட்டேங்கறாங்க. களி தின்னாம இந்தப் புள்ளைக்கு எப்படி பலம் வரும்? நீங்க பெரியவங்க, சொல்லிட்டுப் போங்க” என்றாள் அந்த அம்மாள்.

நான் மிகுந்த பொறுப்போடு அடுத்த அறைக்குப் போய், செவிலியரிடம் அந்தக் குறையை எடுத்துச் சொன்னேன். அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தலையைக் கூட நிமிர்த்தாமல் சிரித்தார்.

“எட்டு நாளா என்கிட்டேயும் அதையேதான் சொல்றாங்க சார். கேழ்வரகு மாவுக்குச் சொல்லியிருக்கு. நாளைக்கு வந்துடும்” என்றார்.